வசனத்தை வெட்டிய இடத்தில் வெறும் மௌனத்தை வைத்தால் ஏன் உறுத்துகிறது?

ஒலித்தொகுப்புப் பழகுபவர்கள் பலரும் கேட்பது இது: பேட்டியில் வந்த ஓர் இருமலை வெட்டி நீக்கிய பின், அந்த இடைவெளி மட்டும் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது?

எந்த இடமும் முழு மௌனமாக இருப்பதில்லை. மட்டக்களப்பின் கல்லடியில் வாவிக்கரை வீடொன்றில் பதிவு செய்தால், ஆள் பேசாத நேரத்திலும் மின்விசிறியின் இரைச்சல், தென்னோலை உரசல், தூரத்து மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒலிவாங்கியில் விழுந்துகொண்டே இருக்கும். அதுவே அந்த இடத்தின் அடியொலி. காது அதற்குப் பழகிவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அரைச் செக்கன் நின்றாலும் உணர்ந்துவிடுகிறோம். (இரவில் மின்சாரம் போய் விசிறி நின்றதும் விழிப்பு வருகிறதே, அப்படித்தான்.)

ஆகவே பதிவு முடிந்ததும், அதே ஒலிவாங்கியை அதே இடத்தில் வைத்து, எல்லோரும் அசையாமல் நிற்க, 30 முதல் 60 செக்கன் வரை அடியொலியை மட்டும் பதிந்துகொள்ள வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரம் கிழிந்தால் அதன் ஓரத்துணியாலேயே ஒட்டுப்போடுவது போல, வெட்டிய இடத்தை இதனால் நிரப்பி, இணைப்பின் இரு முனைகளையும் சில மில்லிசெக்கன் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்று மங்க மற்றது எழும்படி விட்டால், இணைப்பில் 'டிக்' என்ற சத்தமும் வராது.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் இருந்தால் இது வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அதை அளவுமீறிப் பாவித்தால், குரலே தகரப் பேணிக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.