கச்சானை வறுத்தா நஞ்சு போயிடுமோ?

கேள்வி: ஐயா, நாலு பரப்பிலை கச்சான் போட்டிருக்கிறம். கச்சானிலை பிடிக்கிற பூஞ்சணம் ஈரலுக்குக் கூடாதெண்டு மகன் போனிலை வாசிச்சிட்டு, நல்லூரிலை வாங்கின சரையைக்கூடத் தொடுறானில்லை. வறுத்தா அந்த நஞ்சு போயிடாதோ?
- ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: மகன் வாசிச்சது சரிதான் தங்கச்சி, ஆனா சரையைத் தூக்கி எறியிற அளவுக்குப் போகத் தேவையில்லை. அந்த நஞ்சுக்குப் பேர் அப்ளாடொக்சின். 1960இலை இங்கிலாந்திலை ஒரு லட்சம் வான்கோழி செத்து விழ, என்ன ஏதெண்டு தேடிப்போனா தீனியிலை கலந்த பிரேசில் கச்சான் புண்ணாக்கு, அப்பிடித்தான் ஆள் பிடிபட்டது. வறுத்தா கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. நிறமும் இல்லை மணமும் இல்லை எண்டபடியா நாக்காலை கண்டுபிடிக்கவும் ஏலாது.

ஐதராபாத்துக்குக் கிட்ட பட்டஞ்செருவிலை 1972இலை தொடங்கின இக்ரிசாட் எண்ட சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இதோடை கனகாலமா மினக்கெடுது. புது விதை வந்தா எல்லாம் சரியெண்டு நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம், அவை சொல்லுறதிலை பாதி எங்கட ஆச்சிமார் செய்ததுதான். காய் முத்துற கடைசிக் கிழமைகளிலை தோட்டம் காய்ஞ்சா மண்ணுக்குள்ளையே பூஞ்சணம் ஏறிடும், கிணத்திலை தண்ணி இருந்தா அப்ப ஒருக்கா இறைச்சு விடுங்கோ. மண்வெட்டி பட்டு வெடிச்ச காயை வேறயா வையுங்கோ. பிடுங்கின கொடியைக் குவிக்காமல் காய் மேல நிக்கிறமாதிரிக் கவிட்டுக் காயவிடுங்கோ, பருப்பிலை ஈரம் 8 வீதத்துக்குக் கீழை வரவேணும், மீற்றருக்கு எங்கை போறது, ஆட்டிப்பாத்தா கலகலக்கவேணும். கோது லேசா உடையட்டுமெண்டு தண்ணி தெளிக்கிற ஆக்களும் இருக்கினம், காயவிட்ட பாடெல்லாம் அதோடை வீண்.

பிறகு சுளகிலை போட்டு சுருங்கினது, கறுத்தது, பூத்தது எல்லாத்தையும் பொறுக்குங்கோ. மூட்டை முழுக்க நஞ்சு சமமா இருக்காது, கொஞ்சப் பருப்பிலைதான் குவிஞ்சிருக்கும், அதாலை பொறுக்கிறது நல்லாவே வேலை செய்யும். பொறுக்கினதை மாட்டுக்குப் போட்டிடாதேங்கோ, பாலிலை வந்து நிக்கும். விக்கிறதெண்டாலும் இதுதான் காசு: நேரே தின்னுற கச்சானிலை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேலை இருந்தா ஐரோப்பாக்காரர் உள்ளை விடமாட்டினம்.

மகனுக்குச் சொல்லுங்கோ, நல்லூரிலை கோதோடை வறுத்ததை வாங்கி, உடைச்சு உள்ளை பாத்துத் தின்னட்டும், பூத்தது வந்தா எறியட்டும்.