குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மகள் சாப்பிடுவாளா?

கேள்வி: தக்கலைக்கு அருகில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வயது 17, உயரம் 158 செ.மீ. எட்டு மாதங்களுக்கு முன்பு 51 கிலோ இருந்தவள் இப்போது 38 கிலோ. முதலில் சோற்றை விட்டாள். பிறகு மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் விட்டாள். இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். மலச்சிக்கலும் உப்புசமும் உள்ளன. நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. ஆனால் தம்பிக்கு ஏத்தம்பழ பஜ்ஜி பொரித்துக் கொடுத்து, அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். குடலில் நல்ல பாக்டீரியா குறைந்ததே காரணம் என்று படித்தேன். புரோபயாடிக் கேப்சூல் கொடுக்கலாமா? பழங்கஞ்சி கொடுத்தாலே போதும் என்கிறார் என் மாமியார்.

பதில்: சகோதரி, கேப்சூலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எட்டு மாதத்தில் உடல் எடையில் கால் பங்கை இழந்து, மாதவிலக்கும் நின்றுவிட்ட பெண்ணை இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும். அதற்குள் அவளுக்கு மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. தைராய்டு கோளாறு, சர்க்கரை நோய், காசநோய், குடல் அழற்சி ஆகியவை இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே உணவுச் சீர்குலைவு நோய் என்ற முடிவுக்கு வர இயலும். ஆயினும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பஜ்ஜிதான். அனோரெக்ஸியா நெர்வோசா என்ற உணவுச் சீர்குலைவு நோயின் பெயருக்குப் பசியின்மை என்று பொருள் இருந்தாலும், இந்நோய் உள்ளவர்களில் பலருக்குப் பசி இருக்கவே செய்கிறது. பசியோடு போராடிக்கொண்டே பிறருக்குச் சமைத்துப் போட்டு, அவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதங்கள் ஏறத்தாழ அரை வயிற்று உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் நாள் முழுதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தார்கள். பட்டினி மனத்தையும் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம். நீங்கள் படித்தது வெறும் கதையல்ல. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதம், போதும் என்ற உணர்வை மூளையில் எழுப்பும் ஆல்ஃபா-எம்.எஸ்.எச். என்ற ஹார்மோனை ஒரு பகுதியில் ஒத்திருக்கிறது என்று பிரான்சின் ரூவான் நகர ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அந்தப் புரதத்துக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள், பசியை ஆளும் அந்த ஹார்மோனிலும் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பது அவர்கள் கருத்து. டென்மார்க் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுள்ள 77 பெண்களின் குடல் நுண்ணுயிர்களை ஆரோக்கியமான 70 பெண்களுடையவற்றோடு ஒப்பிட்டு, தெளிவான வேறுபாடுகளைக் கண்டது. அந்த நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலில் எந்தக் கிருமியும் இல்லாத எலிகளுக்குள் செலுத்தி, குறைந்த தீனி கொடுத்தபோது, அவை மற்ற எலிகளைவிட அதிகமாக மெலிந்தன. இழந்த எடை மீண்டும் கூடவும் தாமதமானது. ஆனால் அதே போன்ற சோதனையை 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தபோது எலிகளின் எடையில் அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். உண்பது குறைந்தால் அந்த உணவை நம்பி வாழும் பாக்டீரியாக்களும் மாறிவிடும். ஆகவே மாறிய பாக்டீரியா நோயைத் தோற்றுவித்ததா, நோய்தான் பாக்டீரியாவை மாற்றியதா என்பது தீராத வழக்கு. பட்டினியால் மாறிய குடல், உப்புசத்தையும் மந்தத்தையும் கூட்டி, மீண்டும் உண்பதைக் கடினமாக்கி நோயை நீட்டிக்கலாம் என்றே நான் கருதுகிறேன். உங்கள் மகள் இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிட்டது என்பது நடிப்பல்ல. நெடுநாள் பட்டினியில் இரைப்பை மெதுவாகவே காலியாகும். ஒழுங்காக உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் இது பெரும்பாலும் சரியாகும். (மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது, ஆகவே மனமே குடலில்தான் உள்ளது என்று கேப்சூல் விற்பவர்கள் சொல்வார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உருவாகும் செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை.)

இந்த நோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்பட்ட புரோபயாடிக் எதுவும் இன்று இல்லை. கேப்சூலால் வரும் பெருங்கேடு, அதை நம்பி இரண்டு மாதம் வீணாவதே. பழங்கஞ்சியில் நல்ல பாக்டீரியா உண்டு என்பதில் உங்கள் மாமியாரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிண்ணம் குடித்தால் வயிறு நிறையும், சத்து அதிகம் சேராது. அம்மாவும் பாட்டியும் பார்க்கச் சாப்பிட்டாயிற்று என்று காட்டிக்கொள்ள அது அவளுக்கு மிகவும் தோதான உணவு.

அதற்காக, பதறிப்போய் ஒரே நாளில் தட்டு நிறையப் பரிமாறியும் விடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் மாவுச்சத்து திடீரென்று சென்றால், சுரக்கும் இன்சுலின் இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். பாஸ்பேட் அளவையும் பார்க்கும்படி கேளுங்கள். வழக்கமான பரிசோதனைகளில் அது விடுபட்டுப் போவதுண்டு.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம், மனநலம் ஆகிய இரு பிரிவுகளிலும் காட்டுங்கள். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கினால், முதலில் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இவ்வயதுப் பெண்களுக்கு, பெற்றோரே உடனிருந்து ஒவ்வொரு வேளையும் உண்ணச் செய்யும் குடும்பவழிச் சிகிச்சைக்கே நல்ல சான்றுகள் உள்ளன. அதில் உங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

போகும்போது மாதவிலக்கு கடைசியாக வந்த தேதி, மாதவாரியாக எடை, நேற்று உண்டது என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேதி மாத்திரையோ சூரணமோ அவள் தனியாக எடுக்கிறாளா, உண்டபின் குளியலறையில் நெடுநேரம் இருக்கிறாளா என்பதையும் திட்டாமல் கவனியுங்கள். கேப்சூலை ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.