தெரியாததும் புரியாததும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் போன தடவைக்கு இப்போ பரவாயில்லை" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே வந்ததும் அண்ணன், "இதுகூடப் புரியலையா? மண்டையில ஒண்ணுமே கிடையாதா உனக்கு?" என்றான்.

அப்புறம் அங்கிருந்த செவிலியர்தான் பொறுமையாகச் சொன்னார். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும், சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் கூடும் என்று. "ஆறு மாதத்தில் அப்பா ரொம்ப மெலிந்துவிட்டாரே, தசை குறைந்தால் கழிவும் குறையுமே, அதனால்கூட எண் இறங்கியிருக்கலாமா?" என்று கேட்டேன். "டாக்டரிடம் கேளுங்கள்" என்றார். மறுபடி உள்ளே போகக் கூச்சமாக இருந்தது, வந்துவிட்டேன். நான் பள்ளிப்படிப்போடு நின்றவள். சிலருக்குப் பிறவியிலேயே அறிவு குறைவுதானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

'ஒன்றும் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறோம், ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கிரியாட்டினின் என்றால் என்ன என்பதை எப்பேர்ப்பட்ட மூளைக்காரரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்ல வேண்டும், அல்லது எங்காவது படித்திருக்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு முன்பே யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். செவிலியர் கொடுத்தவை மூன்று தகவல்கள். அதோடு அப்பா மெலிந்ததை நீங்களாகச் சேர்த்து, யாருமே சொல்லாத ஓர் இடத்துக்குப் போய்விட்டீர்கள். அது சரியான இடமும்கூட. தசை குறைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் அளவு சிறுநீரகத்தின் உண்மை நிலையைவிட நன்றாகக் காட்டிவிடலாம் என்பது மருத்துவம் அறிந்த சிக்கல்தான். அந்த மாதிரி நேரங்களில் சிஸ்டாட்டின் சி என்று வேறொரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது உண்டு, அது தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், அது எதற்குத் தேவைப்படும் என்பதுவரை நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். இதை அறிவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் ஒன்றின் சதுரங்கப் பலகையை 5 வினாடி காட்டிவிட்டு, அதே மாதிரி காய்களை அடுக்கச் சொன்னார்கள். புதியவர் நாலைந்து காய்களைத்தான் சரியாக வைத்தார், தேர்ந்த ஆட்டக்காரர் அதைப்போல் சில மடங்கு வைத்தார். பார்ப்பவர்கள் 'அபார மூளை' என்பார்கள். பிறகு காய்களை இஷ்டத்துக்கு இறைத்துவைத்துக் காட்டியபோது இரண்டு பேருக்கும் நடுவே பெரிய வித்தியாசமே இல்லை. வருஷக்கணக்கில் ஆடி ஆடிப் பழகிய அமைப்புகள்தான் முதல் தடவை அவருக்குக் கைகொடுத்திருக்கின்றன. மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த வேகத்தைப் பார்த்து நாம் சுருங்கிப்போகிறோம்.

இதில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குப் புத்தி இருக்கிறது, டாக்டர் எதற்கு' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. நல்ல மூளைக்காரர்களே இதில் மோசமாக விழுந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் பதில் இன்னும் உங்களிடம் இல்லை. அப்பாவுக்கு உண்மையிலேயே சிறுநீரகம் தேறியிருக்கலாம். அதைச் சொல்ல மருத்துவரின் படிப்பு வேண்டும்.

படிப்பு நின்றுபோனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மைக்கேல் பாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை, 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மாறும் காந்தப்புலத்தால் மின்சாரம் உண்டாகும் மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டுபிடித்தவரும் அவரே. ஆனால் உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1857-இல், கணிதத்தில் தேர்ந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதத்தில் கண்ட முடிவுகளை, அதே முழுமையோடும் தெளிவோடும் சாதாரண மொழியில் சொல்ல முடியாதா என்று அதில் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 65-க்கு மேல், உலகம் அறிந்த விஞ்ஞானி. 'எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள்' என்று தன்னைவிட மிக இளையவரிடம் கேட்க அவர் கூச்சப்படவில்லை. அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, அடுத்த தடவை போகும்போது அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முன்பு எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே, செவிலியரிடம் கேட்ட அதே கேள்வியை அதே வார்த்தைகளில் எழுதி வைத்து, மருத்துவர் பேசத் தொடங்கும் முன் நீட்டுங்கள். அடுத்த தேதி தள்ளி இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.