மார்க் சேர்ந்துவிட்டது, ஸ்டார்ட் பண்ணலாமா? டைமிங் செயின் கேள்வி பதில்

எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்கள் கேட்டதில் பெரும்பாதி டைமிங் செயினைச் சுற்றியே இருக்கிறது. கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுழற்சியை கேமுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொண்டுபோகும் சங்கிலி அது. அது ஓடும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். அதனால் பதிலும் அங்கேதான் நீளும். கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, புது செயினை மாட்டி நிறக் கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் மார்க்குகளோடு சரியாகச் சேர்த்தேன். கிராங்கை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் நிறக் கண்ணி எங்கோ போய் நிற்கிறது. ஒரு பல் தாண்டிவிட்டதா?

இல்லை தம்பி, அப்படித்தான் நிற்கும். நிறக் கண்ணி (அடையாளத்துக்காக வேறு நிறத்தில் இருக்கும் செயின் கண்ணி) மாட்டும் நேரத்துக்கு மட்டும்தான். உதாரணத்துக்கு கிராங்கில் 18 பல், கேமில் 36 பல், செயினில் 104 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றி முடிக்கும், ஆனால் செயின் 36 கண்ணிதான் நகர்ந்திருக்கும். மூன்றும் பழைய இடத்துக்கே திரும்ப கிராங்க் 52 சுற்று சுற்ற வேண்டும். அதற்காக உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டில் இருக்கும் மார்க்கும் எஞ்சின் உடம்பில் இருக்கும் மார்க்கும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று மட்டும்தான்.

மார்க் பார்க்கும்போது டென்ஷனர் (செயினின் தொய்வை எடுக்கும் பாகம்) வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இழுக்கும் பக்கச் செயின் விறைப்பாகவும், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்திலும் இருந்தால்தான் பார்ப்பது நிஜம். டென்ஷனரைப் பூட்டி வைத்திருக்கும் பின்னை எடுக்காமலே மார்க் பார்த்துவிட்டு, கவரை மூடிய பிறகு "அரைப் பல் தள்ளி நிற்கிறதே" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஒரு பல் தப்பினால் என்ன ஆகும் சார்? வண்டி ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். அதுதான் தொல்லையே. 36 பல் உள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்றால் கேமில் 10 டிகிரி, கிராங்க் கணக்கில் 20 டிகிரி. ஐடிலிங் ஆடும், இழுவை செத்துப்போகும், கம்ப்ரஷன் குறையும். சென்ஸார் உள்ள கார் என்றால் எஞ்சின் விளக்கு எரிந்து பி0016 மாதிரி ஒரு கோடு வரும். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் அர்த்தம். ஓடுகிறதே என்று அப்படியே விடாதீர்கள். இன்னும் ஓரிரு பல் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வரும் வகை எஞ்சினில் வால்வு வளைந்துவிடும். இன்றைய எஞ்சின்கள் பல அந்த வகைதான்.

கேள்வி: சிங்கிள் சிலிண்டர் பைக். பிஸ்டனை மேலே கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கா எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேம் கழன்று வெளியே இருக்கும்போது அந்தக் கேள்வியே இல்லை. பிஸ்டன் மேலே இருந்தால் போதும், எந்த ஸ்ட்ரோக் என்பதை நீங்கள் கேமை வைக்கும் விதம்தான் முடிவு செய்கிறது. ராக்கர் (கேம் தள்ளும்போது வால்வை அமுக்கும் கை) இரண்டும் லூஸாக ஆடும்படி, கேமின் மூக்குகள் ராக்கரைத் தொடாமல் நின்றால் அது கம்ப்ரஷன் முடிவு. டேப்பெட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பார்ப்பதும் அதே இடத்தில்தான்.

பிஸ்டன் மேலே வந்ததை பிளக் துளையில் பிளாஸ்டிக் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். தோராயமாகத் தெரிந்துகொள்ள அது சரி, டைமிங் வைக்கப் போதாது. உச்சிக்குப் பக்கத்தில் கிராங்க் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்கே தெரியாது. மேக்னெட்டில் (கிராங்க் முனையில் இருக்கும் காந்தச் சக்கரம்) இருக்கும் டி மார்க்கைப் பாருங்கள். பக்கத்திலேயே எஃப் என்று ஒரு மார்க் இருக்கும். அது பொறி விழும் இடம். டைமிங் வைக்கும்போது அதைத் தொடாதீர்கள். அவசரத்தில் எஃப்பில் வைத்துவிட்டு "ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுக்கவில்லை" என்று வருகிறவர்கள் உண்டு.

இன்னொன்று: கேம் இல்லாத நேரத்தில் கிராங்கைத் திருப்ப வேண்டியிருந்தால் செயினை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே திருப்புங்கள். விட்டால் கீழே கிராங்க் பல்லுக்கும் கேஸுக்கும் நடுவில் சுருண்டு சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: டென்ஷனரில் ஆயில் கசிந்தது. இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணி, துடைத்து, மறுபடி டைட் பண்ணினேன். கசிவு நின்றது. ஆனால் இப்போது "உய்ய்" என்று ஒரு சத்தம்.

வண்டியை ஓட்டாதீர்கள். தானாக இயங்கும் டென்ஷனருக்குள் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் நகரவிடும் அமைப்பு) இருக்கிறது. நீங்கள் போல்ட்டை லூஸ் பண்ணிய நொடியில் உள்ளேயிருக்கும் தண்டு முன்னால் ஏறியிருக்கும், அது திரும்பி வராது. அப்படியே டைட் பண்ணியதில் செயின் அளவுக்கு மீறி இறுகிவிட்டது. முழுதாகக் கழற்றி, தண்டை உள்ளே அமுக்கிப் பூட்டி, புது கேஸ்கட்டோடு மாட்டி, அப்புறம்தான் விடுவிக்க வேண்டும். சில பைக்குகளில் பின்பக்கத் துளையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருகினால் தண்டு உள்ளே போகும். கழற்றும் முன் பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் நிறுத்துங்கள், தொய்ந்த செயின் பல் தாண்டும் வாய்ப்பு குறையும். கழற்றிய பிறகு கிராங்கை அசைக்கவே கூடாது.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கரகர என்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. செயின் போய்விட்டதா?

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஹைட்ராலிக் டென்ஷனர் ஆயில் பிரஷரில் இயங்குவது. ராத்திரி முழுக்க நின்றதில் ஆயில் இறங்கியிருந்தால் பிரஷர் ஏறும் வரை செயின் ஆடும். அளவும் ஆயிலும் சரியாக இருந்தும் சத்தம் நாளுக்கு நாள் நீண்டால் கவரைத் திறந்து பாருங்கள். கண்ணிகளைக் கோர்க்கும் சின்னப் பின் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து மொத்தச் செயினும் நீளமாகிவிடும். ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டு ஓட்டிய எஞ்சினில் இது சீக்கிரம் வரும். மாற்றுவதென்றால் செயினோடு கைடு (செயின் உரசி ஓடும் பட்டை), டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்து. தேய்ந்த பல்லில் புது செயின் போடுவது வீண் செலவு.

கேள்வி: என் காரில் கேம் ஸ்ப்ராக்கெட்டில் கீயும் (தனியாகச் சுழலாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) இல்லை, மார்க்கும் இல்லை. வெள்ளை பெயின்ட்டால் மார்க் போட்டுக்கொண்டு கழற்றலாமா?

கூடாது. இந்த வகையில் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான். சில எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் அதே கதைதான். பெரிய போல்ட்டை விட்டதுமே எல்லாம் தனித்தனியாகச் சுழலும், உங்கள் பெயின்ட் மார்க் எதற்கும் உதவாது. அந்த எஞ்சினுக்கென்று இருக்கும் லாக்கிங் டூல் (கேமையும் கிராங்கையும் சரியான இடத்தில் நிறுத்தும் கருவி) கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அந்த டூலை நம்பி போல்ட்டைக் கழற்றவும் முயலாதீர்கள். டூல் இடத்தைக் காட்டத்தான். விசையைத் தாங்க தனி ஹோல்டர் வேண்டும்.

கேள்வி: நீலப் புகை வருகிறது ஐயா. பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

புகை எப்போது வருகிறது? நெடுநேரம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீலைச் சந்தேகப்படுங்கள். இழுவையில் விடாமல் வந்தால் ரிங் பக்கம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழி). ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பாருங்கள்.

ரிங் மாற்றுவது என்று முடிவானால், பிஸ்டனில் மாட்டும் முன் ரிங்கை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனாலேயே நேராகக் கீழே தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். போரின் விட்டத்தை 0.004 ஆல் பெருக்கினால் டாப் ரிங்குக்குத் தோராயமான கேப் வரும். 80 மி.மீ. போருக்கு 0.32 மி.மீ. புது ரிங்கிலேயே கேப் மிக அதிகமாக இருந்தால் தேய்ந்தது போர். லேத்தில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதான், அது வீட்டு வேலை இல்லை.

எழுத்தோ புள்ளியோ உள்ள பக்கம் மேலே வர வேண்டும். ரிங் கேப்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்லிப்பை (பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) கழற்றும் முன் கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். தெறித்து உள்ளே விழுந்தால் மொத்த எஞ்சினையும் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய சர்க்லிப் மறுபடி வேண்டாம்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை. கை அளவிலேயே ஹெட் போல்ட் டைட் பண்ணலாமா?

வேண்டாம், இரவல் வாங்குங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் வரிசையில், இரண்டு மூன்று தவணையாக ஏற்றுங்கள். டார்க் போக இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லியிருந்தால் அந்தப் போல்ட் பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான், புதிது போடுங்கள். பிளாக்கில் போல்ட் துளைக்குள் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள். திரவம் அமுங்காது, பிளாக்கே விரிசல் விடலாம்.

கேள்வி: ஒட்டிக்கொண்ட கேஸ்கட்டை எடுக்க டிரில்லில் மாட்டும் சொரசொர டிஸ்க் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் எடுத்துப் பொறுமையாகச் சுரண்டுங்கள். மறுபடி பூட்டும்போது கேஸ்கட் பேஸ்ட்டையும் அள்ளி அப்பாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் ஸ்ட்ரெய்னரை (சல்லடை) அடைக்கும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணலாமா?

பிளக் எல்லாம் கழன்றிருக்கட்டும். கிராங்க் புல்லி போல்ட்டில் நீள ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில், மெதுவாக இரண்டு முழுச் சுற்று. வால்வு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மெத்தென்று ஏறி இறங்கும், அது பரவாயில்லை. கட்டையில் முட்டியது போல டக்கென்று நின்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். ஸ்பேனருக்குப் பைப் போட்டு அழுத்தினால் வளைவது வால்வுதான். கவரைத் திறந்து முதலிலிருந்து பாருங்கள்.

சுற்று சுகமாக முடிந்து மார்க்கும் நேரே நின்றால், எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டு அடியுங்கள். அப்புறம் பிளக் போட்டு, எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் சில விநாடி செயின் சத்தம் வரலாம். அதற்கு மேலும் நீடித்தால் உடனே அணைத்துவிட்டு, டென்ஷனர் பின் இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள்.