வாசகர் கேள்வி: குவாரிக்கு அனுமதி கொடுக்கும் நிபுணர் குழுவில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்தில் புதிதாகக் கல்குவாரி வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊரே எதிர்த்துப் பேசியது, கலெக்டரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இப்போது விசாரித்தால் ‘சென்னையில் நிபுணர் குழு முடிவு செய்யும்’ என்கிறார்கள். யார் அந்த நிபுணர்கள்? யார் அவர்களை நியமித்தது?
- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: கலெக்டர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்கிறது, பேசியதை எழுதி, வீடியோவும் எடுத்து அனுப்பிவைக்கிறார்கள், அவ்வளவுதான். முடிவு அங்கே எடுப்பதில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாநில அளவில் இரண்டு அமைப்புகள் உண்டு. விண்ணப்பத்தையும் ஆய்வறிக்கையையும் படித்துப் பார்த்துப் பரிந்துரை செய்வது நிபுணர் மதிப்பீட்டுக் குழு. அந்தப் பரிந்துரையின் மேல் கையெழுத்துப் போடுவது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். ஆணையத்தில் மூன்றே பேர்: தலைவர், ஓர் உறுப்பினர், அரசு அதிகாரியான உறுப்பினர் செயலர். குழு, ஆணையம் இரண்டுக்கும் பெயர்களை மாநில அரசு கொடுக்கும், மத்திய அரசு அறிவிக்கும், பதவிக்காலம் 3 ஆண்டு. குழு சொன்னதை ஆணையம் ஏற்கவில்லை என்றால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும், தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது.

இன்னொன்று, கூட்டத்தில் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணிப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. ‘குவாரி வேண்டாம்’ என்று நூறு பேர் சொல்வதைவிட, சர்வே எண்ணைப் போட்டு, இந்த வீட்டிலிருந்து குவாரி எல்லை இத்தனை மீட்டர், இந்தக் குளத்துக்கு வரும் ஓடை இந்த இடத்தில் அடைபடும், இந்தக் கிணற்றில் இத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவைப்பது குழுவின் மேஜையில் கனமாக உட்காரும். தமிழ்நாட்டு சிறுகனிமச் சலுகை விதிகளில் மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்று இருக்கிறது, கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு அதை அளந்து பாருங்கள்.

கேள்வி: அரசுக்கு வேண்டியவர்களையோ கம்பெனிக்கு வேண்டியவர்களையோ நிபுணர் என்று போட்டுவிட்டால் என்ன செய்வது?
- வாசகி, கரூர்

பதில்: விதியில் தகுதி எழுதியிருக்கிறது. துறையில் 15 ஆண்டு அனுபவம், முனைவர் பட்டம் போன்ற உயர் படிப்பு இருந்தால் 10 ஆண்டு, வயது பொதுவாக 70-க்குள். ஆனால் அனுபவம் எதில் என்பதுதான் விஷயம். சுரங்கம் தோண்டுவதில் இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கு, தோண்டினால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கோவாவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கம் பற்றிய வழக்கில் இது வெளிச்சத்துக்கு வந்தது. சுரங்கத் திட்டங்களை மதிப்பிடும் மத்தியக் குழுவின் தலைவரே அப்போது சில சுரங்க நிறுவனங்களில் இயக்குநராகவும் இருந்தார். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இது ஆரோக்கியமான வழக்கம் அல்ல, குழுவின் நம்பகத்தன்மையையே கெடுத்துவிடும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், மக்கள் சொன்ன ஆட்சேபங்களைக் குழு ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்லியாக வேண்டும் என்றும், ஒரே நாளில் அளவுக்கு மீறித் திட்டங்களை எடுத்துக்கொண்டால் ஒழுங்காக ஆராய முடியாது என்றும் சொன்னது. என்னைக் கேட்டால் உறுப்பினர்களின் பெயரை அறிவிப்பதோடு அவர்கள் எந்தெந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும், நியமனத்துக்கு முன்பே ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு ஒரு மாதம் தர வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

கேள்வி: அந்தக் குழு எங்கள் ஊருக்கு வந்து பார்க்குமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: தேவை என்று அவர்கள் நினைத்தால் வரலாம், வந்தே தீர வேண்டும் என்றில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2022 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு கொண்டுவந்தது, சீக்கிரம் அனுமதி கொடுத்தால் மதிப்பெண், நேரில் போய்ப் பார்த்த திட்டங்கள் குறைவாக இருந்தால் அதற்கும் மதிப்பெண்! இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்குப் பரிசு கொடுத்தால், விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்ததுதான் குழுவுக்குக் கண்ணும் காதும். அந்தக் காகிதத்தில் ஓடை இல்லை என்றால் ஓடை இல்லை. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் அருகிலுள்ள காடுகளைப் பற்றிய விவரமே விண்ணப்பத்தில் சரியாக வரவில்லை, குழுவும் அதைக் கவனிக்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்து மறுபடி ஆராயச் சொன்னது. மறு ஆய்வுக்குப் பிறகு கூடுதல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்து, இப்போது விமானம் பறக்கிறது என்பது வேறு விஷயம்.

அதனால் நேரடி ஆய்வு வேண்டும் என்று உங்கள் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள், போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். குழு என்றைக்குக் கூடுகிறது, என்ன பேசினார்கள் என்பதெல்லாம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரும்.

கேள்வி: சில திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே இல்லையே, ஏன்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெரிய திட்டம் ‘ஏ’ பிரிவு, டெல்லிக்குப் போகும். மற்றவை ‘பி’. அதிலும் ‘பி2’ என்று வகைப்படுத்திவிட்டால் கூட்டம் கிடையாது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை அப்படித்தான் ‘பி2’-வுக்கு மாற்றினார்கள், டெல்டாவில் கொந்தளிப்பு வந்தது அதனால்தான். குவாரியிலும் இதே கதை உண்டு: 5 ஹெக்டேருக்குள் என்றால் ‘பி2’ என்பதால் துண்டு துண்டாக விண்ணப்பிப்பார்கள். ஆனால் 500 மீட்டர் சுற்றளவில் உள்ள குவாரிகளைச் சேர்த்துப் பார்த்து மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் நடத்தியாக வேண்டும்.

கேள்வி: அனுமதி கொடுத்தே விட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
- வாசகி, திருப்பூர்

பதில்: முடியும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அனுமதி ஆணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நல்ல வழக்குகள் நாள் கடந்ததாலேயே அடிபட்டுப் போகும். அப்புறம், சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தாலும் திட்டத்தை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனியாக வாங்க வேண்டும், அது வந்துவிட்டதா என்று மாவட்ட அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். வந்திருக்காவிட்டால் உங்கள் ஆட்சேபத்தை அங்கேயும் எழுத்தில் கொடுங்கள்.