ஹஸ்கிக்குக் கோடையில் மொட்டை அடிக்கலாமா?

உங்கள் ஹஸ்கி நாய் வெயிலில் மூச்சிரைக்கிறது, மொட்டை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் சற்று நேரம் உலாவவிட்டும் அது மாலையில் சோபாவைக் குதறுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். உங்கள் சைபீரியன் ஹஸ்கி சென்னை வெயிலில் மூச்சிரைப்பது அதனால் தீராது. அதற்கு இரண்டு அடுக்கு முடி. மேல்முடிதான் வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது. வழித்துவிட்டால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதும் இல்லை.

மாதம் ஒரு முறைதான் சீவுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், உதிர வேண்டிய உள்முடி உள்ளேயே சிக்கிக் காற்றை அடைத்துக்கொண்டிருக்கலாம். பின்தொடையிலும் காதுக்குப் பின்னாலும் விரல்களால் முடியைப் பிரித்துப் பாருங்கள். தோல் தெரியாமல் பஞ்சாகத் திரண்டிருந்தால் அதுதான் கோளாறு. உள்முடி எடுக்கும் சீப்பால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, வெடுக்கென்று இழுக்காமல் சீவுங்கள். குளிப்பாட்டும் முன்பே சீவிவிட வேண்டும். நனைந்தால் சிக்கு இறுகிவிடும்.

மாலையில் சோபாவைக் குதறுவது தனிப் பிரச்சினை. பனியில் வண்டி இழுத்து நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் இது. மொட்டை மாடியில் சற்று நேரம் உலாவுவது அதற்கு எந்த மூலைக்கு? விடியும் முன் நன்றாக நடக்க அழைத்துப் போங்கள். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் வெளியே அழைத்துப் போகாதீர்கள். பகலில் உணவை வீட்டுக்குள் ஒளித்து வைத்துத் தேடவிடுங்கள். மோப்பம் பிடித்தே களைத்துப்போகும்.

ஈறுகள் கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்து, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்று படவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.