வண்டிக்கு எத்தனை பங்கு?

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்ப்பது எங்கள் வழக்கம். 2025இல் ரெட்புல் அணியின் வெர்ஸ்டாப்பன் வெறும் 2 புள்ளிகளில் மெக்லாரன் அணியின் நோரிஸிடம் பட்டத்தை இழந்த பிறகு எங்களுக்குள் தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. நல்ல வண்டி கிடைத்தால் யாரும் ஜெயிக்கலாம் என்கிறார் ஒருவர். அப்படியானால் அதே ரெட்புல் அணியின் இரண்டாவது வண்டியில் ஏறியவர்கள் எல்லாம் ஏன் சறுக்கினார்கள் என்று கேட்கிறார் மற்றவர். எனக்கு இரண்டாமவர் பேச்சே சரியாகப் படுகிறது. ஆனாலும் அதில் ஏதோ விட்டுப்போனது போலவும் இருக்கிறது. வண்டிக்கு எத்தனை சதவீதம், ஓட்டுபவருக்கு எத்தனை சதவீதம் என்று நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது நண்பரின் வாதம் வலுவானது. ஆனால் அவர் நினைப்பதை அது நிரூபிக்கவில்லை. முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி பதினெட்டு ஆண்டுகளாகச் சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறார். சென்ற ஆனி மாதம் விடுமுறையில் வந்தபோது, திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்காக என் பழைய காரைப் பார்வதிபுரத்து வீட்டிலிருந்து அவர்தான் எடுத்தார். வெட்டூர்ணிமடம் சந்திப்பில் காவலர் கைகாட்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடியும் நின்றது. பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்த அடியில் அவர் முகம் சிவந்துபோயிற்று. என் காரின் கிளட்ச் பெடலை முக்கால் பங்கு மேலே விட்ட பிறகுதான் பிடிக்கும். அது எனக்குப் பழகிப்போய், குறை என்றே மறந்துவிட்டிருந்தது. அவரோ இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் கியர் போட்டுப் பழகியவர். அந்தச் சந்திப்பில் ஒருவர் எங்கள் இருவரையும் நேரம் பார்த்து அளந்திருந்தால், நானே சிறந்த ஓட்டுநர் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கிடையே சென்றபோது கதை மாறியது. அங்கே இடப்பக்கமிருந்து காற்று தள்ளும். நாம் அதற்கு எதிராக ஸ்டியரிங்கைச் சற்றே சாய்த்துப் பிடித்திருப்போம். ஒரு லாரியை முந்தும்போது அது காற்றை மறைத்துவிட, சாய்த்த ஸ்டியரிங் நம்மை லாரியின் பக்கமே இழுத்துவிடும். நான் அந்த இடத்தில் எப்போதும் ஒரு கணம் பதறுவேன். அவரோ லாரியின் நிழல் வண்டியைத் தொடும் முன்பே கையைத் தளர்த்தினார். கார் கோடு மாறவில்லை.

இனி உங்கள் விவாதத்துக்கு வருகிறேன். ரேஸ்காரர்கள் வண்டியின் நடத்தையை இரண்டு சொற்களில் பேசுவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வண்டி வளைவின் வெளிப்பக்கமாக ஒதுங்கினால் அது அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்கள் வழுக்கி வண்டியின் பின்பகுதி சுழல முனைந்தால் அது ஓவர்ஸ்டியர். முன்பக்கம் உடனே கடித்துப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் சற்று ஆடினாலும் பரவாயில்லை என்பது வெர்ஸ்டாப்பனின் விருப்பம். அவருடன் 2019லும் 2020லும் ரெட்புல்லின் இரண்டாவது வண்டியை ஓட்டிய ஆல்பன், கணினியின் மவுஸ் வேகத்தை உச்சத்தில் வைத்ததைப் போன்றது அந்த வண்டி என்ற பொருளில் பின்னாளில் விளக்கியிருக்கிறார். தொட்டால் துள்ளும் வண்டியை நம்பாத ஓட்டுநர், பின்பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். வளைவுக்கு 0.03 விநாடி இப்படிப் போனால், பதினாறு வளைவுள்ள தடத்தில் ஏறக்குறைய அரை விநாடி போய்விடும். போட்டியின் தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றின் முதல் பகுதியில், 2025இல் இருபது வண்டிகளும் ஒன்றரை விநாடிக்குள் அடங்கிவிட்ட நாட்கள் உண்டு என்பதை நினைத்துக்கொண்டால், அந்த அரை விநாடியின் விலை தெரியும்.

இதில் சதி ஏதுமில்லை. வேகமாக ஓட்டுபவர் சொல்லும் குறையைத்தான் பொறியாளர்கள் முதலில் கேட்பார்கள். அதைத் தீர்க்க வரும் புதிய பாகம் அவருடைய கைக்கு ஏற்றதாக இருக்கும். அதனால் அவர் இன்னும் வேகமாவார். அடுத்த பாகமும் அதே திசையில் வரும். இப்படிப் பல பருவங்கள் கடந்த வண்டியில் ஏறுகிறவர், என் கிளட்சை மிதித்த மைத்துனரின் நிலையில்தான் இருக்கிறார். 2023இல் வெர்ஸ்டாப்பன் 22 போட்டிகளில் 19ஐ வென்றார், அவருடைய அணித் தோழர் பெரெஸ் 2ஐ வென்றார். அடுத்த ஆண்டு வெர்ஸ்டாப்பன் 437 புள்ளிகளுடன் சாம்பியன் ஆனபோது, பெரெஸ் 152 புள்ளிகளுடன் எட்டாம் இடத்தில் இருந்தார். ஓராண்டில் ஒரு மனிதருக்கு ஓட்டுவது மறந்துபோகுமா? ஆல்பனுக்கு முன் அதே இரண்டாவது வண்டியை ஓட்டிய காஸ்லியை 2019இன் நடுவிலேயே இறக்கிவிட்டார்கள். அவர் பழைய அணிக்குத் திரும்பி, அதே ஆண்டு பிரேசிலில் இரண்டாவதாக வந்தார், 2020இல் மோன்சாவில் வென்றார்.

எதிர்ப்புறத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020இல் பஹ்ரைனில் நடந்த சாகிர் போட்டியில், நோயுற்ற ஹாமில்டனுக்குப் பதிலாக ரஸ்ஸல் மெர்சிடிஸ் அணியின் வண்டியில் ஏறினார். தன் சொந்த அணியான வில்லியம்ஸின் வண்டியில் அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காதவர் அவர். உடல் அந்த இருக்கைக்குள் அடங்காமல், ஓர் அளவு சிறிய காலணியைத் திணித்துக்கொண்டு ஓட்டினார். தகுதிச் சுற்றில் மெர்சிடிஸின் இன்னொரு ஓட்டுநர் பொட்டாஸைவிட 0.026 விநாடி மட்டுமே பின்தங்கினார். போட்டியில் முன்னணியிலும் இருந்தார், டயர் குழப்பமும் பஞ்சரும்தான் அவரைக் கவிழ்த்தன. அந்த வண்டி புதியவரிடம் முரண்டு பிடிக்கவில்லை. ஆகவே உங்கள் முதல் நண்பரும் முழுக்கத் தவறில்லை; அவர் மனத்தில் இருப்பது அத்தகைய வண்டி.

வெர்ஸ்டாப்பனின் பெருமையைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. 2024இல் சாவோ பாவ்லோவில் கொட்டும் மழையில் பதினேழாம் இடத்திலிருந்து கிளம்பி வென்றாரே, அது முப்பந்தல் காற்று. அங்கே கையின் தரம் தெரிகிறது. அணித் தோழருடன் போட்டு அளக்கும் கணக்கில் பெரும்பாலும் தெரிவது வெட்டூர்ணிமடம் சந்திப்பு மட்டுமே. எனவே நீங்கள் கேட்ட சதவீதத்தை என்னால் தர இயலாது. சாவி எந்தப் பூட்டில் நுழைகிறது என்று பார்க்காமல், சாவிக்கு எத்தனை பங்கு, பூட்டுக்கு எத்தனை பங்கு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் திரும்பும்போது, அதே சந்திப்பில் என் மைத்துனர் வண்டியை எடுத்தது தெரியவேயில்லை. என்னைவிட மென்மையாக எடுத்தார். 2025இல் பெரெஸுக்குப் பதிலாக வந்த லாசனுக்கு ரெட்புல்லில் கிடைத்தவை இரண்டே போட்டிகள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து